ரோட்டுக்குக் கீழ்ப் பக்கம்

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
14 நவம்பர் 2024

ராசா,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனமில்லை. போனில் நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் உன் நம்பரை அடைத்தேன். கடிதத்தில் நீ சிரித்தாலும் எனக்குக் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை முழுதாகக் கேள். ஜதுர்ஷிகா தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற சஞ்சயன் என்ற பிள்ளையை விரும்புகிறாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். போன ஞாயிறு அவனுடைய வீட்டார் முதல் தரம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாய் நகுலேஸ்வரி கோயில் நிர்வாகத்தில் பெயருள்ள மனுஷி. நான் விடியக் காலையிலிருந்து பலகாரம் சுட்டேன். உன் அத்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு, தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போது அந்தப் பெடியன் பையிலிருந்து ஒரு வைன் போத்தலை எடுத்து மேசையில் வைத்தான்.

"அங்கிள், பிரான்சிலை ஒரு தமிழாள் சொந்தமாச் செய்யிறார். கடையிலை கண்டவுடனை பெருமையா இருந்துது, வாங்கிக்கொண்டு வந்தனான்."

லேபலில் ஒரு பனை. பனையில் பாதி உயரத்தில் ஒரு மனிதன், காலில் மரமேறுகிற தளைநார், இடுப்பில் கள்ளு முட்டி. கீழே தமிழிலும் பிரெஞ்சிலும் 'செல்லையா'. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் எங்கள் ஊரின் பெயர்.

நகுலேஸ்வரி கண்ணாடியைப் போட்டு அதை வாசித்தார். போத்தலை மெதுவாக வைத்தார். வைத்த கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "உங்கட அப்பாவின்ர பேரும் செல்லையா எண்டெல்லோ ஜதுர்ஷிகா சொன்னவ?" என்று கேட்டார். "செல்லையா எண்டு எங்கட பக்கம் கனபேர் இருக்கினம், அக்கா" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்பா சங்கக்கடை மனேச்சர் என்றுதான் இங்கே எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பொய் என்பாய். பொய்தான். அந்தப் பொய்க்குள்தான் என் பிள்ளை இந்த நகரத்தில் தலை நிமிர்ந்து வளர்ந்தாள்.

லேபலை மாற்று, ராசா. பனை வேண்டாம், அப்பாவின் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். உன் பிரெஞ்சுக்காரர் போடுவது போல ஒரு பழைய கல்வீட்டைப் போடு. என் பிள்ளையின் கல்யாணத்தை ஒரு காகிதத் துண்டு குழப்புவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க இயலாது.

தவமலர்


மோன்ஸல், பூர்கோன், பிரான்ஸ்
2 டிசம்பர் 2024

அக்கா,

சிரித்தது உண்மை. நீங்கள் "குடியைக் கெடுத்தவனே" என்று தொடங்கினீர்கள். வைன் செய்கிறவனைப் பார்த்து அப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும்.

லேபலை மாற்றமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் லண்டனுக்குப் போக முன்னர் இந்த ஊரில் எட்டு அறுவடைக்குக் குனிந்து பழம் வெட்டியவர். ஆனால் மண்ணைப் பார்த்திருக்க மாட்டீர்கள், முதுகு நோகிறவருக்கு மண் தெரியாது.

ஊரை ரோடு இரண்டாகப் பிரிக்கிறது, ஞாபகம் இருக்கும். ரோட்டுக்கு மேலே சரிவு. கிழக்குப் பார்த்த சரிவு என்பதால் காலை வெயில் முதலில் அங்கேதான் விழும். உள்ளே முழுக்கச் சுண்ணாம்புக்கல், உடைத்தால் சிப்பி ஒட்டியிருக்கும். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடமாம். வேர் கல் வெடிப்புக்குள் இறங்கித் தண்ணீர் தேடும். அந்த வைன் முதல் வாய்க்குப் பிடிகொடுக்காது, பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லிய உப்பாக நிற்கும். அதன் லேபலில் மோன்ஸல் என்று ஊர்ப் பெயரைப் போடலாம். ரோட்டைக் கடந்து கீழே வந்தால் களிமண். மழை பெய்தால் தண்ணீர் போகாது, மூடுபனி எழும்பாது, உறைபனி விழுந்தால் முதலில் கருகுவது எங்கள் மொட்டு. அதே செடி, அதே கைகள். ஆனால் மோன்ஸல் என்று எழுதக்கூடாது. மாகாணத்தின் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

என் துண்டு கீழ்ப் பக்கம். யாரும் விரும்பாத நிலம் என்பதால்தான் அது என் கைக்கு வந்தது. முதல் வைனைப் போத்தலில் அடைத்த அன்று, முன் லேபலில் ஊர்ப் பெயர் போட்டால் குற்றம் என்று அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். பிறந்த போத்தலுக்குப் பெயர் வேண்டும். இந்த ஊர் தன் பெயரைத் தரமாட்டேன் என்றது. நான் வேறு யாருடைய பெயரை வைப்பது, அக்கா?

அப்பா வேலிக்கு வெளியே நின்று ஓலைப் பிளாவில் கள்ளு ஊற்றியது உங்களுக்கும் தெரியும். "இண்டைக்கு எந்த மரம், செல்லையா?" என்று உள்ளே இருந்து கேட்பார்கள். கிணற்றடி மரம் என்றால் ஒருவர் வருவார், கடற்கரை மரம் என்றால் இன்னொருவர் வருவார். ஒரு மரத்துக் கள்ளு என்று நாக்கைச் சப்பிக்கொட்டிக் குடித்துவிட்டு, அப்பாவைப் படலைக்கு உள்ளே விடாமல் அனுப்பினார்கள். இங்கே ஒரு துண்டு நிலத்து வைனுக்கு அதே சப்பிக்கொட்டல்தான். வித்தியாசம், இங்கே செய்தவனின் பெயரைப் போத்தலில் போடுகிறார்கள். அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

கல்யாணத் திகதியை எழுதுங்கள். நான் தாய்மாமன். அந்தப் பிள்ளை பெரியபிள்ளையானபோது, லண்டனில் வேண்டாம் என்று நீங்கள் இங்கே வைத்த சாமத்திய வீட்டில் தண்ணீர் வார்த்தவன் நான். பெப்ரவரி முழுக்கச் செடி வெட்டுகிற வேலை இருக்கும், அதற்குப் பிறகு எந்த நாளும் வாறன்.

ராசா


ரெய்னர்ஸ் லேன்
12 ஜனவரி 2025

ராசா,

மண்ணைப் பற்றி அழகாக எழுதுகிறாய். இரண்டு தரம் வாசித்தேன். பிறகு எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

ரோட்டுக்கு மேலே விளைந்தது உயர்ந்தது, கீழே விளைந்தது குறைந்தது. இதை எங்களுக்கு முதன்முதல் சொன்னது பிரெஞ்சுக்காரனா? எங்கே பிறந்தது என்பதை வைத்து ஒன்றை மதிப்பதும் தள்ளுவதும் சகிக்காமல்தானே கடல் தாண்டினோம். சண்டையை மட்டும் பார்த்தா நீ ஓடினாய்? ஓடிப்போய் இன்னொரு ரோட்டுக்குக் கீழே குந்திக்கொண்டு, அந்தக் களியின் ருசியை எனக்குப் பாடுகிறாய். உன் வைனுக்குப் பிறந்த இடம் பெருமையாக இருக்கலாம். மனுசருக்கு அது என்ன செய்யும் என்று நான் சொல்கிறேன்.

லண்டனுக்கு வந்த புதிதில் எட்மண்டனில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். வெள்ளிக்கிழமை இருவரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போவோம். அவளுடைய பிள்ளை எங்கள் வீட்டில்தான் பின்னேரம் சாப்பிடும். அவளுடைய மாமி ஊரிலிருந்து வந்தார். வந்த கிழமையே, "நீங்கள் ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் அப்பாவியாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தால் பிளாஸ்கில் தன் தேத்தண்ணியைக் கொண்டு வந்தாள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஜதுர்ஷிகாவைக் கூப்பிடவில்லை. "அம்மா, நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்ட பிள்ளைக்கு நீ வந்து உன் சுண்ணாம்புக்கல்லைப் பற்றிப் பதில் சொல்லியிருப்பாயா?

அதனால்தான் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தோம். வந்த நாளிலிருந்து நான் சங்கக்கடை மனேச்சரின் மகள்.

இன்னொன்றும் இருக்கிறது. எப்படியும் நீ அறிய வேண்டியதுதான். எனக்குச் சகோதரம் இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு, ஒரு தம்பி இருந்தவன், கடைசிச் சண்டையில் காணாமல் போனவன் என்றுதான் சொல்லி வருகிறேன். உயிரோடு ஒரு தம்பி இருந்தால் பார்க்க வேண்டும் என்பார்கள், பார்த்தால் நீ வாயைத் திறப்பாய். அன்று நகுலேஸ்வரியும் கேட்டார். அவருக்கும் அதையேதான் சொன்னேன். என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். நீ லண்டனுக்கு வாறன் என்ற ஒவ்வொரு முறையும் நான் ஏன் சாட்டுச் சொன்னேன் என்று இப்போது விளங்கும். ஜதுர்ஷிகாவும் இதைத்தான் சஞ்சயனுக்குச் சொல்லியிருக்கிறாள். முதலில் அழுதாள், பிறகு ஓம் என்றாள்.

தாய்மாமன் இடத்தில் அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி புவனேந்திரன் நிற்பான். திகதி கேட்காதே.

தவமலர்


மோன்ஸல்
20 பெப்ரவரி 2025

அக்கா,

பதில் பிந்திவிட்டது. செத்தவன் கடிதம் எழுதக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

பொய் சொன்னதற்கு நான் கோபிக்கவில்லை. எட்மண்டன் கதையை வாசித்துவிட்டு அன்று முழுக்க வெட்டுக் கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. பிளாஸ்க் கொண்டு வந்தவளின் கழுத்தைப் பிடிக்கத்தான் கை துடித்தது. ஆனால் செத்துப் போனான் என்று சொல்லியிருந்தால் போதாதா? நெஞ்சுவலி, கார் விபத்து, எவ்வளவு இருக்கிறது. காணாமல் போனவன் என்று ஏன் சொன்னீர்கள்? பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ரோட்டோரம் இருக்கிறார்களே தாய்மார், அவர்களின் பிள்ளைகளோடு கொண்டுபோய் என்னையும் இருத்தினீர்கள். உங்களுக்காக அழ ஆள் வேண்டும் என்பதற்காக.

இன்னொரு செய்தி. என் வைனை லண்டனில் விற்கிற வியாபாரி போன கிழமை எழுதினான். ஹரோவில் ஒரு மண்டபத்தில் மே பதினேழாம் திகதி தமிழ்க் கல்யாணமாம். மாப்பிள்ளையின் பெயர் சஞ்சயன். மேசைக்கு மேசை 'செல்லையா' வைக்க வேண்டுமாம். என் மருமகளின் கல்யாணத் திகதியை ஒரு வெள்ளைக்கார வைன் வியாபாரி எனக்குச் சொன்னான், அக்கா. அவன் நல்ல மனிதன், வாழ்த்தும் சொன்னான். தமிழர் என்றால் எல்லாரும் சொந்தம் என்று நினைத்தானாக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. முன் லேபல் இல்லாமல் வேண்டுமாம். வெறும் போத்தலாக வந்தால் மாப்பிள்ளை பொம்பிளையின் பெயரைத் தாங்களே அச்சடித்து ஒட்டுவார்களாம்.

இது உங்கள் யோசனையா? அது ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

ராசா


ரெய்னர்ஸ் லேன்
9 மார்ச் 2025

ராசா,

என் யோசனை இல்லை. பிள்ளை மேல் சத்தியம்.

சஞ்சயன் கொண்டுவந்த போத்தலைத் திரும்பத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தார்களாம். நகுலேஸ்வரியின் தமையன் வைன் தெரிந்தவர். ஒரு வாய் குடித்துவிட்டு, கல்யாணத்துக்கு இதுதான் என்று சொல்லிவிட்டாராம். சஞ்சயன் லேபலோடுதான் கேட்டிருக்கிறான். அவன் பாவம், இங்கே பிறந்த பிள்ளை, அவனுக்குப் பனையைக் கண்டால் பெருமை மட்டும்தான். நகுலேஸ்வரிதான் தடுத்தார். எனக்கு முன்னால்தான் சொன்னார். "வைன் நல்லது. படம் வேண்டாம். சபையிலை ஆக்கள் ஒவ்வொண்டைக் கதைப்பினம்."

என்ன சொல்ல? நான் சங்கக்கடை மனேச்சரின் மகள், எனக்கும் பனைக்கும் என்ன சம்பந்தம்.

காணாமல் போனவன் என்று ஏன் சொன்னேன் என்று கேட்டாய். அதற்குமேல் யாரும் தோண்டமாட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்தத் திகதி என்று கேட்கமாட்டார்கள். அவ்வளவுதான். அந்தத் தாய்மாரைப் பற்றி நான் யோசிக்கவில்லை. நீ எழுதிய பிறகு யோசிக்கிறேன், நித்திரை இல்லை.

போத்தலை அனுப்பு, ராசா. அனுப்பாவிட்டால் ஏன் என்று தேடுவார்கள், உன் படத்தை இன்ரநெட்டில் பார்ப்பார்கள், உன் முகத்தில் என் முகம் இருக்கிறது. லேபல் இல்லாமல் அனுப்பு. நீ வராதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறதாக வைத்துக்கொள். மூத்தவளை இதற்குமேல் கேட்க வைக்காதே.

தவமலர்


மோன்ஸல்
24 ஏப்ரல் 2025

அக்கா,

போத்தல்கள் போய்விட்டன. என் தாய்மாமன் சீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வியாபாரிக்கும் அப்படியே சொல்லிவிட்டேன், அவனுக்கு விளங்கவில்லை.

எல்லாம் முன்னமே லேபல் ஒட்டி அடுக்கியிருந்தவை. வெந்நீரில் ஊறப்போட்டு ஒவ்வொன்றாக உரித்தேன். நல்ல பசை, இலேசில் விடவில்லை. பெயரிருந்த இடத்தை நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. அப்பாவின் கால் முதலில் வரும், பிறகு கள்ளு முட்டி, கடைசியில்தான் பெயர். பின்னால் இருக்கிற சின்ன லேபலைச் சட்டப்படி எடுக்கக்கூடாது. அதில் மாகாணத்தின் பெயர் மட்டும் இருக்கிறது, பயப்படாதீர்கள்.

இந்த வருடம் உறைபனி விழுந்தது. கீழ்ப் பக்கத்தில் பாதி மொட்டுக் கருகிவிட்டது. மேல் பக்கம் தப்பிவிட்டது. நீங்கள் எழுதியது சரிதான், நான் இன்னொரு ரோட்டுக்குக் கீழேதான் குந்தியிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லுவன். கீழ்ப் பக்கம் என்று நான் யாருக்கும் ஒளிக்கவில்லை. வந்து குடிக்கிறவனுக்கு முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்கிறேன். களி வைன் இறுக்கமாக இராது. வாய்க்குள் கனமாகப் பரவும், துருப்பிடித்த இரும்பு போல ஒரு மணம், பின்னால் ஈரம். பிடித்தவன் வாங்குகிறான், பிடிக்காதவன் போகிறான்.

வரமாட்டேன். ஜதுர்ஷிகா ஒரு வாய் குடிக்கட்டும். சின்ன வயதில் அந்தத் துண்டில் என் தோளில் இருந்து சேறு பூசியவள் அவள்.

ராசா


ரெய்னர்ஸ் லேன்
8 ஜூன் 2025

ராசா,

கல்யாணம் முடிந்தது. குறையொன்றும் இல்லை. புவனேந்திரன் உன் இடத்தில் நின்றான், நல்ல வேட்டி, நேரத்துக்கு வந்தான்.

உன் வைனை எல்லோரும் புகழ்ந்தார்கள். நகுலேஸ்வரியின் தமையன் ஒவ்வொரு மேசையாகப் போய், "மண்ணின்ர குணம் தெரியுது, பாருங்கோ" என்று விளக்கம் சொன்னார். ஜதுர்ஷிகா கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள், குடிக்கவில்லை. கூறைச் சேலையோடு எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். கனநேரம் வரவில்லை. வந்தபோது மேக்கப் போடுகிற பெண் திரும்பக் கண் எழுத வேண்டியிருந்தது.

இப்போது எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று கிழமை போய்விட்டது. அன்று ஆட்கள் கலைந்த பிறகு நானும் நகுலேஸ்வரியும் மண்டபத்துச் சமையலறையில் மிஞ்சிய பலகாரத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் நல்ல சந்தோசத்தில் இருந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இனி ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. உங்கட வீட்டுக்கு வர முதலே ஊரிலை ஆள் விட்டு விசாரிச்சனாங்கள். விசாரியாமல் ஆரும் பொம்பிளை எடுப்பினமே? அப்பா ஆரெண்டும் தெரியும், தம்பி பிரான்சிலை இருக்கிறாரெண்டும் தெரியும். போத்தலைக் கண்டவுடனையே விளங்கீட்டுது. பிள்ளை டொக்டர், குணமான பிள்ளை, சஞ்சயனும் விடமாட்டன் எண்டு நிண்டான். வெளியிலை தெரியாமல் இருந்தாக் காணும் எண்டு நினைச்சனாங்கள். நீங்களே எல்லாத்தையும் வடிவா மறைச்சுப் போட்டியள். அது எங்களுக்குப் பெரிய உதவி."

அன்று என் கையைப் பிடித்துக் கண் கலங்கினாரே, அதைக் கேட்க வாய் வந்தது. பெட்டியை மூடினேன்.

அவர்களுக்கு முதல் நாளே தெரியும், ராசா. நான் யாருக்காக உன்னைக் கொன்றேன்?

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இரண்டு கிழமையாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கிறாயில்லை. ஒருமுறை எடு. ஏசுவதென்றால் ஏசு.

அக்கா


மோன்ஸல்
23 ஜூன் 2025

அக்கா,

நீங்கள் எடுத்த ஒவ்வொரு முறையும் போன் என் கையில்தான் இருந்தது.

அவர்கள் விசாரிப்பார்கள் என்று எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது? தெரியும், ஆனால் யோசிக்கப் பயம். இப்போது அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இனி ஒளிக்க ஒன்றும் இல்லைத்தானே?

உரித்த லேபல்களில் ஒன்று மட்டும் கிழியாமல் வந்தது. இதற்குள் வைத்திருக்கிறேன். உங்கள் முன்னறையில் ஒட்டுங்கள். நகுலேஸ்வரி வந்து சோபாவில் இருந்தால் கண்ணுக்கு நேரே படுகிற இடமாக இருக்கட்டும். சண்டை பிடிக்க வேண்டாம், விளக்கம் சொல்ல வேண்டாம். அவர் பார்க்கும்போது தேத்தண்ணியை மட்டும் ஊற்றுங்கள்.

எங்கே ஒட்டினீர்கள் என்று எழுதுங்கள். அன்றைக்கே போன் எடுக்கிறேன்.

ராசா


ரெய்னர்ஸ் லேன்
6 ஜூலை 2025

ராசா,

லேபல் கசங்காமல் வந்தது. கையில் எடுத்தவுடனேயே அழுதுவிட்டேன். அப்பாவின் கால் அப்படியே இருக்கிறது, இந்தப் படத்தை யார் கீறினது?

முன்னறையில்தான் ஒட்ட நின்றேன். புதுச் சுவர்க் காகிதம், பசை பிடிக்காது, கறை விழும் என்று அத்தான் சொன்னார். சட்டம் போட்டு மாட்டலாம் என்றால் ஆணி அடிக்க வேண்டும். வருகிற வெள்ளி நகுலேஸ்வரி தன் சொந்தக்காரர் கொஞ்சப் பேரோடு முதல் விருந்துக்கு வருகிறார். வருகிறவர்களில் எல்லாருக்கும் விசயம் தெரியாதாம். ஜதுர்ஷிகா இப்போதுதான் அந்த வீட்டில் கால் வைத்திருக்கிறாள், அவளையும் பார்க்க வேண்டும்.

அதனால் சாமி அறையில் வைத்திருக்கிறேன். அப்பாவின் படத்தைக் கழற்றி, சட்டத்துக்குள்ளேயே, படத்துக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டேன். ஒருவருக்கும் தெரியாது, பத்திரமாக இருக்கிறது. தினமும் விளக்கு வைக்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

எங்கே என்று எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இனிப் போனை எடு.

அக்கா